அண்மை இலக்கும் நடுவுநிலைமையும்

போட்டி என்பது திறமையை அளந்தறியும் தேர்வு. அத்தேர்வு நேர்மையுடையதாதல் வேண்டுமெனின், போட்டியிடுவோர் நேர்மையுடையராதல் மட்டும் போதாது. போட்டி நிகழும் களமும் நேர்மையுடையதாதல் வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கல்லூரி மைதானத்திலே சுண்ணாம்புக் கோடிடுவோரை அருகிருந்து பார்த்தவர் இதனை நன்கறிவர். நானூறு மீற்றர் ஓட்டத்தில் இரண்டாம் பாதையில் நிற்பவன் முதலாம் பாதையில் நிற்பவனுக்கு ஏறத்தாழ 7 மீற்றர் முன்னே நிறுத்தப்படுகிறான். அறியாதார்க்கு அது சலுகைபோலத் தோன்றும். வளைவின் வெளிப்பாதை நீண்டதென்பதை அறிந்தவரோ அதுவே நீதியென்பர். ஈட்டியெறிதலுக்கு ஏறத்தாழ 29 பாகைக் கோணத்தில் இரு கோடுகள் விரித்து இடப்படுகின்றன. எறிவு அக்கோடுகளுக்குள் வீழ்ந்தாலன்றிக் கணக்கில் வாராது. பார்ப்போரும் அவற்றிற்குப் புறம்பேதான் நிற்றல் வேண்டும். முதலாவது கோடு நீதிக்கு, இரண்டாவது கோடு காவலுக்கு. இவ்விரண்டையும் செய்பவர் களம் வகுப்பவரே. ஓட்டக்காரன் வருமுன்னரே அவர் தம் பணியை முடித்துவிடுகிறார்.

இவ்வுண்மை மிகக் கூர்மையாக விளங்கும் விளையாட்டொன்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். அது நடைமுறைத் துப்பாக்கிச் சூட்டுப் போட்டி. அதனுள்ளும், சில மீற்றர் தூரத்தில் இலக்குகளை அமைக்கும் அண்மைக் களங்களே நம் ஆராய்ச்சிக்குரியன.

யாழ்ப்பாணத்துக் கல்லூரி மலரொன்றிலே துப்பாக்கியைப் பற்றிக் கட்டுரையா என வாசகர் புருவம் உயர்த்தலாம். அது நியாயமே. துப்பாக்கி என்னுஞ் சொல் துருக்கி மொழியிலிருந்து நம்மிடம் வந்தது. நாம் அதனைத் துவக்கு என்று வழங்குகிறோம். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரினால் அச்சொல்லுக்கு நம் ஊர்களில் ஒரு பொருளே எஞ்சிற்று. அப்பொருளை மறக்கவோ மறைக்கவோ இக்கட்டுரை முயலவில்லை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தலாகாது. எனினும், நம் பழைய மாணவர் பலர் இன்று வாழும் கனடா, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் இது கழகங்கள் நடத்தும் முறையான விளையாட்டு. இலங்கையிலும் படையினரும் உரிமம் பெற்றோரும் இதிற் போட்டியிடுகின்றனர். கொல்லுங் கருவியொன்றை எத்துணைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்தால் அது விளையாட்டாகும் என்பதை அறிதல், அக்கருவியின் கொடுமையை அறிந்த நமக்கே பெரிதும் பொருந்துவதாகும்.

விளையாட்டின் இயல்பு

சர்வதேச நடைமுறைச் சூட்டுக் கூட்டமைப்பு 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் நிறுவப்பெற்றது. அதன் முதற் றலைவர் ஜெவ் கூப்பர் என்பவர். துல்லியம், வலு, விரைவு என்னும் மூன்றும் அதன் குறிக்கோள்கள். ஒலிம்பிக் போட்டியிலே பத்து மீற்றர் தூரத்து இலக்கை வீரர் ஓரிடத்தில் நின்று சுடுவர். நடைமுறைப் போட்டியிலோ வீரர் நகர்ந்து, சுவர்களின் பக்கத்திலும் சாளரங்களினூடும் தோன்றும் இலக்குகளைச் சுடுவர். ஒவ்வொரு களமும் புதிய வடிவுடையது. ஆதலின் இவ்விளையாட்டிலே களம் வகுப்பவரின் கை ஏனைய விளையாட்டுகளிற் காண்பதிலும் வலியது.

கூட்டமைப்பின் விதிநூல் களங்களைச் சிறியன, நடுத்தரமானவை, பெரியன என மூவகைப்படுத்துகிறது. சிறிய களத்தை முடிக்கப் பன்னிரண்டு ரவைகளுக்கு மேல் தேவைப்படலாகாது. நடுத்தரத்திற்கு 24, பெரியதற்கு 32 என்பன வரம்புகள். அட்டை இலக்குகளுள் ஒருவகை தலையுருவற்ற எண்கோண வடிவினது. மனித உருவை நினைவூட்டாதிருத்தல் அதன் சிறப்பு. இலக்குகளினிடையே சுடலாகாத அட்டைகளும் நிறுத்தப்படும். அவற்றை நாம் விலக்கிலக்கு எனலாம். வழிகாட்டும் நெறிகளை அடுக்கும்போது, விதிநூல் காவலையே முதலாவதாக வைத்துள்ளது. நீதி அதன் பின்னரே வருகின்றது. காரணம் வெளிப்படை. அநீதியான முடிவை மீண்டும் ஆராய்ந்து திருத்தலாம். புறப்பட்ட ரவையைத் திருப்புதல் இயலாது.

அண்மை தரும் மயக்கம்

இலக்கு அருகிலிருப்பின் குறி தப்பாது. குறி தப்பாதெனின் ஆபத்தில்லை. இவ்வாறு எண்ணுவது இயல்பு. ஆயின் அது மயக்கமே. குருநகர்க் கடற்றொழிலாளர் ஆழ்கடலிற் காட்டுங் கவனத்திலும் மிகுந்த கவனத்தைக் கரையடுத்த ஆழமற்ற பரவைக்கடலிற் காட்டுவர்; தோணியின் அடி தட்டுவது அங்கேதான். அண்மைக் களமும் அத்தகையதே. இதனைச் சிறு கணக்குகளாற் காண்போம்.

துப்பாக்கியின் குழல்வாய் நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்திலிருப்பதாகக் கொள்க. ரவையைத் தாங்கும் மண்ணணை பதினைந்து மீற்றர் தூரத்தில் உள்ளது. இலக்கின் மேல்விளிம்பு 1.8 மீற்றர் உயரம். இவ்விலக்கு பத்து மீற்றர் தூரத்தில் நின்றால், மேல்விளிம்பை ஊடுருவும் ரவை பத்து மீற்றரில் 30 சென்ரிமீற்றர் எழுகிறது. அணையை அடையும்போது அதன் உயரம் 1.95 மீற்றர். அதே இலக்கை மூன்று மீற்றர் தூரத்துக்குக் கொணர்க. இப்போது ரவை மூன்று மீற்றரிலேயே 30 சென்ரிமீற்றர் எழுகிறது. அணையை அடையும்போது மூன்று மீற்றர் உயரத்திற் செல்கிறது. இரண்டரை மீற்றர் உயரமுள்ள அணை முதலாவது ரவையைத் தாங்கும். இரண்டாவது ரவை அணையின் மேலாகப் பறந்துவிடும். வீரர் தவறு செய்யவில்லை, இலக்கிலேயே சுட்டார். தவறு வரைபடத்தில் உள்ளது.

தாழ்ந்த இலக்கை நோக்குவோம். அதன் நடு அரை மீற்றர் உயரத்தில் உள்ளது. பத்து மீற்றர் தூரத்திலே நின்றால், அதனை ஊடுருவும் ரவை பதினைந்தாம் மீற்றரில், அணையின் அடியில் மண்ணைச் சேரும். மூன்று மீற்றர் தூரத்தில் நின்றாலோ, நாலரை மீற்றரிலேயே நிலத்தைத் தாக்கும். அங்கே மணல் ஆழமாயிருப்பின் ரவை புதையும், கல்லாயிருப்பின் தெறிக்கும். நம் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் மெல்லிய மண் போர்த்த நிலமென்பதை ஈண்டு நினைவு கொள்க. வீரருக்கு மூன்று மீற்றருக்குள் நிலத்தைத் தாக்கும் சூட்டுக்கு விதிநூல் போட்டியினின்றும் நீக்கம் விதிக்கிறது. மூன்று மீற்றரிலும் அண்மையில் நிற்கும் அட்டை இலக்கைச் சுடும்போது மட்டும் விலக்கு உண்டு. விதி விலக்கு அளிக்கலாம். கல் விலக்கு அளிப்பதில்லை.

மூன்றாவது, பக்கவாட்டு விலகல். வீரர் ஒரு மீற்றர் இடப்புறம் நகர்ந்தாரெனின், பத்து மீற்றர் இலக்கினூடு சென்ற ரவை பின்னணையில் அரை மீற்றர் வலப்புறம் விலகித் தாக்கும். மூன்று மீற்றர் இலக்கினூடு சென்றதோ நான்கு மீற்றர் விலகும். கோணத்தாற் கூறின், முன்னது ஏறத்தாழ 6 பாகை, பின்னது 18 பாகை. இம்மூன்று கணக்குகளும் ஒன்றையே கூறுகின்றன. இலக்கு அண்மையாகுந்தோறும் வீரரின் சிறு அசைவு ரவையின் வழியைப் பெரிதாக மாற்றுகிறது.

காவலுக்குரிய அமைப்புகள்

மேற்கூறியவற்றிலிருந்து சில முறைகள் பெறப்படும். மிக அண்மையான இலக்கின் நடுவைக் குழல்வாய் உயரத்துக்கு ஒப்ப நிறுத்துக. தாழ்ந்த இலக்கை அணையின் அடிக்கு அருகே கொண்டு செல்க. பக்கங்களில் நகர இடமளிப்பின், பக்க அணையும் உண்டா என நோக்குக; இல்லையேல் சுவரமைத்து நகர்ச்சியைச் சுருக்குக.

உலோக இலக்குகள் வேறு வகையான இடரைத் தருவன. அவற்றைத் தாக்கிய ரவை சிதறித் துணுக்குகள் திரும்பி வரக்கூடும். ஆதலின் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஏழு மீற்றருக்குட்பட்ட தூரத்திலிருந்து அவற்றைச் சுடுதலாகாது. வீரரைச் சுவர் போன்ற தடையாற் றடுத்து நிறுத்துதல் சிறந்தது. நிலத்தில் எல்லைக்கோடு மட்டும் இடுவதாயின், அக்கோடு எட்டு மீற்றரில் இருத்தல் வேண்டும் என்கிறது விதிநூல். அந்த ஒரு மீற்றர் ஏன்? ஒலி கேட்டு ஓடிவரும் மனிதன் கோட்டைச் சிறிது தாண்டக்கூடும். தாண்டினாலும் அவன் ஏழு மீற்றருக்கு வெளியே நிற்கிறான். தாண்டிய பிழைக்குப் புள்ளி குறையலாம், கண் போகலாகாது. பிழை நிகழும் என முன்னரே எண்ணி, அப்பிழைக்கும் இடம் விட்டு வைத்தலே நல்ல களத்தின் இலக்கணம்.

நகரும்போது குழல்வாய் எத்திசை நோக்கும் என்பதும் சிந்தித்தற்குரியது. அணைக்கு நேர்த்திசையிலிருந்து இருபுறமும் 90 பாகைக்கு அப்பால் குழல்வாய் திரும்பின் வீரர் உடனே நீக்கப்படுவார். வலக்கைப் பழக்கமுடையவர் இடப்புறம் ஓடிக்கொண்டே ரவைக்கூட்டை மாற்றும்போது, உடல் இடம் நோக்கித் திரும்ப, குழல்வாயும் பின்னோக்கித் திரும்ப விழைகிறது. இடக்கைப் பழக்கமுடையவர்க்கு வலப்புற ஓட்டம் அதே இடரைத் தரும். ரவைக்கூடு மாற்ற வேண்டிய இடத்தில் நீண்ட பக்க ஓட்டத்தையும், அணைக்கு எதிர்ப்புறமாகப் பின்வாங்கும் ஓட்டத்தையும் வைத்தல் பொறி வைத்தலேயாகும். வீரருடன் செல்லும் கள அலுவலர் சுவருக்கும் துப்பாக்கிக்கும் இடையே சிக்காதவாறு அவருக்கும் வழி விடுதல் வேண்டும்.

நடுவுநிலைக்குரிய அமைப்புகள்

துரோணர் தம் மாணாக்கரின் வித்தையை அரங்கேற்றிய கதையை நாமறிவோம். கர்ணன் வந்து நின்றபோது அவன் வில்லாற்றல் அளக்கப்படவில்லை, குலம் வினவப்பட்டது. போட்டி எதனை அளக்கப் புகுந்ததோ அதனை விட்டு வேறொன்றை அளந்துவிட்டது. இன்றைய களத்திலே குலத்தை எவரும் வினவார். ஆயினும், களம் வகுப்பவர் கவனியாதிருப்பின், உயரத்தையும் கைப்பழக்கத்தையும் மூட்டின் வலிமையையும் களமே வினவிவிடும்.

சாளரமொன்றை ஒன்றரை மீற்றர் உயரத்தில் அமைத்தால் நெடியவர் நின்றபடி சுடுவர். குறியவர் எட்டி எட்டிப் பார்ப்பர். ஒரு மீற்றரிலிருந்து இரண்டு மீற்றர் வரை திறந்த சாளரம் இருவர்க்கும் பொது. முழந்தாளிட்டே காணக்கூடிய இலக்கு இளைஞர்க்கு எளிது, ஐம்பது கடந்தார்க்குத் தண்டனை. எல்லா இலக்குகளும் சுவரின் வலப்பக்கமாகவே தோன்றுமெனின் இடக்கையர்க்கு அது குறையாகும். இடமும் வலமும் சமமாகப் பகிரப்படுதல் வேண்டும். எப்பக்கம் முதலிற் செல்வதென்பது வீரரின் விருப்பாகவும் இருத்தல் வேண்டும்.

கருவியின் வேறுபாடும் உண்டு. சிலருடைய துப்பாக்கியில் ரவைகள் பல கொள்ளும், சிலருடையதிற் சில கொள்ளும். ஓரிடத்தில் நின்று, அல்லது ஒரு நோக்கில், ஒன்பதுக்கு மேற்பட்ட சூடுகளைக் களம் வேண்டலாகாது என்னும் விதி இதனால் எழுந்தது.

அண்மைக் களத்துக்கே உரிய வழக்கொன்று புள்ளி குறிக்கும்போது எழும். தூரத்து இலக்கில் இரு ரவைகள் ஒரே துளையிற் செல்லுதல் அரிது. மூன்று மீற்றரிலோ அது நிகழக்கூடியது. அட்டையில் ஒரு துளையே தென்படும். இரண்டு சென்றன என்பார் வீரர்; ஒன்று தப்பியது என்பார் அலுவலர். விரிந்து கிழிந்த துளையை, ரவையின் அடையாளம் அதன் ஓரத்திற் காணப்பட்டாலன்றிக் கணக்கிடலாகாது என்பது விதி. இலக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி நிறுத்தினாலும் வழக்கு எழும். முன்னட்டையின் புள்ளிப் பகுதியை முழுதும் ஊடுருவிப் பின்னட்டையிற் பட்ட ரவை பின்னட்டைக்குக் கணக்காகாது. எந்தத் துளை எவ்வழி வந்ததென்று எவர் அறிவார்? வழக்கைத் தீர்ப்பதற்கு அறிவு வேண்டும். வழக்கு எழாதவாறு அட்டையை ஒரு மீற்றர் தள்ளி நிறுத்துவதற்கு முன்யோசனை வேண்டும்.

முதல்வனுக்கும் கடைசியாளனுக்கும் களம் ஒன்றாதல் வேண்டும் என்பது இறுதியானது. இலக்கின் கால்கள் நின்ற இடம் நிலத்திற் குறிக்கப்படாவிடின், அட்டை மாற்றும்போது அது ஒரு சாண் நகரும். காலையிற் காய்ந்த மண் மழைக்குப் பின் வழுக்கும். களத்தின் விளக்கம் எழுத்தில் இருந்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே சொற்களில் வாசிக்கப்படுதல் வேண்டும்.

புள்ளியும் பொழுதும்

ஒவ்வொரு வீரரும் பெற்ற புள்ளியை அவர் எடுத்த செக்கன்களாற் பிரிப்பர். அவ்வீவே அவருடைய சூட்டுக்காரணி. மிகுந்த காரணியுடையவர் களத்தை வெல்வார். அட்டையின் நடுப்பகுதிக்கு ஐந்து புள்ளி. அதனை அடுத்த பகுதிகளுக்கு, வலுக் குறைந்த ரவையாயின் மூன்றும் ஒன்றும், வலு மிகுந்ததாயின் நான்கும் இரண்டும் புள்ளிகள். தப்பிய ஒவ்வொரு சூட்டுக்கும், விலக்கிலக்கைத் தாக்கிய ஒவ்வொரு சூட்டுக்கும் பத்துப் புள்ளிகள் கழியும்.

ஒருவர் 60 புள்ளிகளைப் பன்னிரண்டு செக்கனிற் பெற்றால் காரணி 5. அவருக்கு இரண்டு புள்ளிகளின் விலை 0.4 செக்கன். அண்மைக் களத்தில் அதே 60 புள்ளிகள் ஆறு செக்கனில் வரும், காரணி 10. இப்போது இரண்டு புள்ளிகளின் விலை 0.2 செக்கனே. துல்லியத்தின் விலை பாதியாகக் குறைந்துவிட்டது. ஆதலால் அண்மைக் களம் வீரரை நோக்கி, "குறி பார்க்கற்க, விரைக" என்று கூறாமற் கூறுகிறது. இவ்விரைவிலேதான் விசையில் விரல் முன்கூட்டியே பதிகிறது. குழல்வாய் திசை மாறுகிறது. நீதிக்கேடும் இடரும் ஈண்டு ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன.

இதற்கு மருந்தும் களம் வகுப்பவரிடமே உண்டு. அண்மையிலக்கின் பாதியை விலக்கிலக்கால் மறைக்கலாம். அளவிற் சிறிய அட்டையை நிறுத்தித் தூரத்தின் அருமையை அண்மையிலேயே உண்டாக்கலாம். அப்போது தப்பிய ஒரு சூட்டினால் இழக்கும் ஐந்தும் கழியும் பத்துமாகப் பதினைந்து புள்ளிகள், ஒன்றரைச் செக்கனாகத் திரும்பி வந்து வீரரை நிதானிக்கச் செய்யும்.

ஒரு மாதிரிக் களம்

பதினைந்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் உடைய, மூன்று புறமும் மண்ணணை சூழ்ந்த இடமொன்று. அதில் ஆறு அட்டை இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் இரு சூடு, ஆகப் பன்னிரண்டு. நடுவிலே ஐந்து மீற்றரில் இரண்டு இலக்குகள், ஒவ்வொன்றும் ஒரு விலக்கிலக்காற் பாதி மறைக்கப்பட்டவை. இடச் சாளரத்தினூடு இரண்டு, வலச் சாளரத்தினூடு இரண்டு, ஏழு மீற்றரில். வீரர் நடுவிலிருந்து தொடங்கி விரும்பிய பக்கம் முதலிற் செல்லலாம். ஒரு நோக்கில் நான்கு சூடுகளே. வரம்பாகிய ஒன்பதுக்கு உட்பட்டது.

களம் முடிந்ததென்று கருதுமுன், கொத்தர் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல இதற்கும் நூல் பிடித்துப் பார்த்தல் வேண்டும். மிக நெடியவர், மிகக் குறியவர் ஆகிய இருவரின் குழல்வாய் உயரங்களையும் கோலொன்றிற் குறித்து, வீரர் நிற்கக்கூடிய எல்லா ஓரங்களிலிருந்தும், ஒவ்வோர் இலக்கின் நான்கு மூலைகளினூடாகவும் நூலை அணைவரை இழுக்க. நடு இலக்கின் மேல்விளிம்பு 1.6 மீற்றர் எனக் கொள்வோம். 1.5 மீற்றரிலிருந்து சுடுபவரின் ரவை பின்னணையில் 1.8 மீற்றர் உயரத்திற் சேரும். 1.2 மீற்றரிலிருந்து சுடுபவரின் ரவையோ 2.4 மீற்றர் உயரத்திற் சேரும். குறியவர் சுடும்போதே ரவை உயர எழுகிறது! நெடியவரை மட்டும் எண்ணி இரண்டு மீற்றர் அணை கட்டியவர் இடரை அழைத்தவராவார். அவ்வணை மூன்று மீற்றரேனும் இருப்பது நன்று. எல்லாரையும் சமமாக எண்ணுதலும் எல்லாரையும் காத்தலும் ஒரே செயல் என்பதற்கு இந்நூல் சான்று.

மாணவர்க்குப் பயிற்சி

இப்பயிற்சிகளுக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை. கோல், நூல், அட்டை, சுண்ணாம்பு போதும்.

1. குழல்வாய் உயரம் 1.4 மீற்றர், இலக்கின் மேல்விளிம்பு 1.7 மீற்றர்; இலக்கு நான்கு மீற்றர் தூரத்திலும் அணை பன்னிரண்டு மீற்றர் தூரத்திலும் உள்ளன. அணையின் குறைந்த உயரம் யாது?

2. மேற்கூறிய மாதிரிக் களத்தில் வீரர் வலச் சாளரத்திலிருந்தே தொடங்கி இடப்புறம் செல்ல வேண்டுமென விதிப்பின், யாருக்குக் குறை? ஏன்?

3. உங்கள் இல்லத்தின் குண்டெறிதற் களத்தை வரைந்து, எறிபவர், அளப்பவர், பார்ப்பவர் மூவரும் நிற்குமிடங்களைக் குறிக்க. எறிபவர் பிழை செய்தால் குண்டு எங்கே வீழும் என்பதையும் குறிக்க.

4. வகுப்புத் தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் ஒன்று தயாரிக்க. அறிவை அளவாமல் கையெழுத்தின் விரைவை மட்டும் அளக்கும் வினா அதில் எது?

நான்காவது வினா ஆசிரியர்க்கும் உரியது. வினாத்தாள் எழுதுவோரும், மைதானத்திற் கோடிடுவோரும், சங்கத் தேர்தலுக்கு விதி வகுப்போரும் களம் வகுப்போரே. நம் பழைய மாணவர் பலர் இன்று அத்தகைய பொறுப்புகளில் உள்ளனர். அவர்கள் வகுக்குங் களத்திலே கடைசியாக வருபவனும், உயரங் குறைந்தவனும், இடக்கையனும் அச்சமின்றி நிற்பார்களாக.